நாலு பஃபர் அதிகம்

அலுவலகத்தில் அவளுக்குக் 'கொக்கு' என்று பெயர். கழுத்து கொஞ்சம் நீளம். திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் மணிக்கணக்காக அசையமாட்டாள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். கொக்கு எதற்காக அசையாமல் நிற்கும் என்று வைத்த புத்திசாலி யோசித்திருக்கலாம்.

அவர்கள் கம்பெனி செய்யும் சிப்புக்குள், வீடியோவைப் படங்களாக விரித்துத் தரும் டிகோடர் ஒன்று உண்டு. வெளியே, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் மல்டிமீடியா மென்பொருள் ஒன்று உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைப்பது அவள் வேலை. பதினான்கு மாதம் மாரடித்து அதை முடித்தாள். குழந்தையாவது பத்தாம் மாதம் வெளியே வந்துவிடும்.

அந்தப் பொது மென்பொருளில் சேர்க்கச் சொல்லி அதை வெளியே அனுப்புகிற நாளில், மேனேஜர் அவள் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு அனுப்பினார். கேட்டதற்கு, "டீம் வேலைதானேம்மா, யார் பேர் இருந்தா என்ன?" என்றார். யார் பெயர் இருந்தாலும் ஒன்றுதான் என்றால் அவள் பெயரையே விட்டிருக்கலாமே! பாவி மனுஷன்.

வீட்டில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா கொதித்துவிட்டாள். "மேலிடத்துல போய்ச் சொல்லேன்டி! வாயில்லாப் பூச்சியா நீ?"

"சொன்னா அவருக்கு ஒரு நாள் திட்டு விழும், அவ்வளவுதான். எனக்கு அது பத்தாதுக்கா."

அந்த வெளி மென்பொருளில் ஒரு வழக்கம் இருந்தது. எவர் பெயரில் வருகிறதோ அவரேதான் பதில் சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும் எல்லோரும் படிக்கும் பொது மடலில் நடக்கும். எழுதியதை அழிக்க முடியாது. மூன்றாம் நாளே அங்கே சரிபார்ப்பவர் கேட்டார்: 'தேவைக்கு மேல் நான்கு பஃபர் எடுக்கிறீர்களே, எதற்கு?'

பஃபர் என்பது டிகோடர் படத்தை வைத்துக் கொடுக்கிற இடம். சமையலறைத் தட்டு மாதிரி. வெளியே போன தட்டு திரும்பினால்தான் அடுத்ததைப் பரிமாற முடியும். சில வீடியோக்களில் படங்கள் வரிசை மாறி வரும். அப்போது டிகோடர் தன் கையிலேயே சில தட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். கூடுதலாக நான்கு இல்லையென்றால் திரை உறைந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு வாரம் ஆனது.

மேனேஜர் சத்தமில்லாமல் அவள் மேசைக்கு வந்தார். "இந்த நாலு எதுக்கும்மா போட்ட?"

"எழுதினவரைத்தானே சார் கேக்கணும்?"

"விளையாடாத."

"உங்க பேர்தானே சார் போட்டிருக்கு."

தெரியாது என்று எழுத அவருடைய கௌரவம் விடவில்லை. 'கவனக்குறைவாகச் சேர்த்துவிட்டேன், தேவையில்லை, நீக்குகிறேன்' என்று பொது மடலில் எழுதினார். வீடியோக்களை ஓட்டிச் சோதித்துச் சான்று கொடுப்பவள் பக்கத்து மேசைக்காரி. கொக்கோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சிநேகிதி. அவளிடம் இருந்தவை எல்லாம் படங்கள் வரிசை மாறாத எளிய வீடியோக்கள். ஓடின. 'சரி' என்று சான்று கொடுத்தாள். கொக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளர்கள் வந்தார்கள், தங்கள் வீடியோவோடு. பெரிய திரையில் ஒரு குதிரை ஓடத் தொடங்கி, முன்னங்கால்கள் அந்தரத்தில் இருக்க அப்படியே நின்றது. மறுபடி போட்டார்கள், மறுபடி நின்றது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று கொக்கின் பக்கம் கையை நீட்டினார். "இந்தப் பகுதியை இவங்கதான் சார் பாத்தாங்க."

இதற்குத்தானே காத்திருந்தாள்! எழுந்துபோய், வாயே திறக்காமல், அந்தப் பொது மடலைத் திரையில் போட்டாள். கம்பெனி டைரக்டர் அதை உரக்கப் படித்தார், கீழே இருந்த பெயர் உட்பட. மேனேஜர் திருதிருவென்று முழித்தார். அடடா, அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது! பதினான்கு மாத உழைப்பைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சல் அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கியது.

அடுத்த வாரம் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடவே, சான்று கொடுத்த குற்றத்துக்காகப் பக்கத்து மேசைக்காரியையும் அனுப்பினார்கள். கொக்கு இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாள் அந்தக் காலி மேசைப் பக்கம் திரும்பாமலே வேலை பார்த்தாள்.

பிறகு அந்த நான்கு பஃபரையும் திரும்பச் சேர்த்து, காரணத்தையும் விளக்கி, தன் சொந்தப் பெயரில் வெளியே அனுப்பினாள். சரிபார்ப்பவரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'நல்ல விளக்கம். ஒரே ஒரு கேள்வி. அவர் இதை நீக்கியபோதே உங்களுக்குத் தெரியுமா?'

இப்போதுதான் தெரிந்தது என்று எழுதலாம். எவரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அப்படி எழுதினால் அந்த ஆளுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? பல்லைக் கடித்துக்கொண்டு, 'தெரியும்' என்று எழுதி அனுப்பினாள்.

பக்கத்து மேசைக்காரி இன்னமும் அந்தப் பொது மடலைப் படித்துக்கொண்டுதான் இருந்தாள். எல்லோரும் பார்க்கும்படி, அவளிடமிருந்து ஒரு வரி வந்தது.

'எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி.'

அதற்குப் பதில் எழுத வேண்டியது கொக்கின் முறை. பத்து நாளாயிற்று, இன்னும் எழுதவில்லை.