சோளம் போட்ட கை

ஏழாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட நான், ஹூஸ்டனில் மூன்று கடை வைத்திருக்கிறேன். பார்த்தவுடன் ஆளை எடை போட்டுவிடுவேன். ஒரு வேட்டைக்காரரிடம் மட்டும்தான் தோற்றேன்.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டுக்கு வெளியே என் கத்தரித் தோட்டத்தைக் காட்டுப் பன்றிகள் உழுது தள்ளின. இன்னொரு தடவை வந்தால் விளைச்சலே போச்சு. நம்ம ஊர்க்காரர் ஒருவர் பிடித்துத் தருவதாக வந்தார். எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர். இஸ்திரி கலையாத சட்டை, இடுப்பில் மடக்கு செல்போன். தினமும் கூண்டுக்குள் சோளம் போட்டு, "வாங்கடா கண்ணுங்களா" என்று கூப்பிடுவார். மொத்தக் கூட்டமும் பழகி உள்ளே வந்த அன்று கதவைச் சாத்தி, நிதானமாகச் சுட்டார்.

அந்தக் கறியை நானே மிளகு தூக்கலாக வறுத்து நீட்டினேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

"என்ன தம்பி, பன்னி ஆகாதா?"

"சூப்பரா சாப்பிடுவேன் அங்கிள். இதுங்களுக்கு நானே ஃபீட் பண்ணிருக்கேனே, எப்படி இறங்கும்?"

"சுட மட்டும் மனசு வந்துச்சா?"

"அது உங்க தோட்டத்துக்காக. வேற யாராவது புடிச்சதுன்னா சொல்லுங்க, ரெண்டு பிளேட் அடிக்கிறேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கத்தரி பிழைத்தது. வறுவலில் கை வைத்தேன். அந்த "கண்ணுங்களா" காதில் விழுந்தது. ஒரு பிடி சோளம்கூடப் போடாதவன் நான். எனக்கு ஏன் இறங்கவில்லை?