கை வைக்கும் இடம்

"கையைப் பாரு, அறுத்த கோழிக்கால் மாதிரி தொங்குது" என்று சொல்லிக்கொண்டே க்வாபெனா ஒபோக்கு எதிரே நிற்கும் இறைச்சிக் கடைக்காரரின் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, வெட்டுமேடையின் விளிம்பில் வைக்கிறார். இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கிறார். திருப்தி இல்லை. திரும்பி வந்து சுண்டுவிரலை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறார். கேமரா அவர் கழுத்தில் சும்மா தொங்குகிறது. அதற்கு இன்னும் வேளை வரவில்லை.

கானாவின் குமாசி நகரில் முகத்தைப் படமெடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கையைப் பார்த்து எடுப்பவர் இவர் ஒருவர்தான் என்பது கெஜெட்டியா சந்தைக்கே தெரியும். கேட்டால், "மூக்கும் வாயும் ஆண்டவன் வச்சது, அதுல நான் என்ன பண்ண? கை நான் வைக்கிறது" என்பார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "ஃபோட்டோ!" என்று ஒரு குரல் கொடுத்தால், எந்தக் கூட்டத்திலும் அந்தக் கட்டைக் குட்டை உருவமும் எட்டுப் பைகள் வைத்த காக்கிச் சட்டையும் திரும்பும்.

இடது கையால் யாரையும் தொடமாட்டார். இடது கை மேலே தெரிகிற மாதிரி யாரையும் நிற்கவிடவும் மாட்டார். இடது கையைக் காட்டுவது இந்த ஊரில் வசவு. "என் படத்துல வந்து ஊரையே திட்டாதே" என்பார். குமாசி முழுக்கக் கையால் ஃபுஃபு உருண்டையைச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட, அவர் மட்டும் கரண்டியால் சாப்பிடுவார். சாப்பாட்டுக் கடைக்காரி கரண்டியைத் தட்டில் எறிந்து, "வெள்ளைக்காரன் வந்துட்டான், வழி விடுங்க" என்று கத்துவாள். ஆட்டுச் சூப்பு வாசனை அடிக்கிற விரலால் அடுத்தவர் கையைத் தொட முடியுமா என்பது இவர் நியாயம்.

கேமராவோடு ஊரைச் சுற்றுகிறவருக்கு எல்லா வகை மனிதர்களும் அகப்படுவார்கள். லாரி ஓட்டுநர்களுக்கு வண்டியின் மூக்கில் கை இருக்க வேண்டும். போலீஸ்காரருக்கு இடுப்பு வாரில். தையல் படித்து முடித்த பெண்களுக்குக் கத்தரிக்கோல் மேல். தக்காளிக் கூடைக்காரி ஒருத்தி மட்டும் ஒவ்வொரு முறையும் முகத்தை மூடிக்கொண்டு, "சுமாரா எடு, ஃபோட்டோ. நல்லா வந்துச்சுன்னா எங்க வீட்டு ஆளுங்க சாவுப் போஸ்டருக்குன்னு எடுத்து வச்சுக்குவாங்க. எனக்கு இன்னும் வயசிருக்கு" என்பாள். அவள் பயம் வீண் பயமில்லை. இந்த ஊர்ச் சுவர்களில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்கள்தான் பளிச்சென்று இருக்கிறார்கள். யார் நல்ல படம் வைத்துவிட்டுப் போனார், போஸ்டரில் மனைவி என்று யார் பெயர் வந்தது, யார் பெயர் விட்டுப்போனது என்று நின்று படித்துவிட்டுத்தான் ஜனங்கள் பஸ் ஏறுவார்கள்.

யாவ் அம்போஃபோவும் எசியும் அவர் கடைக்கு வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. அம்போஃபோ லாரி உதிரிபாகம் விற்பவர். எசி கடற்கரைப் பக்கத்து ஃபான்டே இனத்துப் பெண். ஆசாஃபோ சந்தையில் புகைபோட்ட மீன் விற்றாள். பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் அம்போஃபோ இரண்டு புட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் எசியின் மாமன் கையில் தலைச்சாராயம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதைக் கொடுத்தால்தான் மனைவி. மாப்பிள்ளையின் தாய்வழிக் குடும்பம் முன்னால் நின்று கொடுக்க வேண்டியது அது. ஃபான்டேக்காரி, அதுவும் பிள்ளை இல்லாதவள் என்று அவர்கள் யாரும் வரவில்லை. அம்போஃபோ தனியாகவே போனார்.

தோளில் கெந்தேத் துணி. கீற்றுக் கீற்றாக நெய்து சேர்த்தது. ஒரு கட்டம், பக்கத்தில் கோடு, மறுபடி கட்டம். எசி வெள்ளை லேஸ் உடுத்தியிருந்தாள். வலது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள்.

"வேணாம்ண்ணே. கை மீன் நாறுது."

"படத்துல நாறாது. கொண்டா."

மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுவந்து கணவனின் தோளில், துணியின் மேல் வைத்தார். "அழுத்தாதே. உன்னுதுன்னு தெரியணும், ஓடிப்போயிருவான்னு பிடிச்சு வச்சிருக்கற மாதிரி தெரியக் கூடாது."

"அழுத்தட்டும் விடு, ஃபோட்டோ" என்று அம்போஃபோ சிரித்தார். "ஓடிப்போனாலும் போயிருவேன்."

அந்தச் சிரிப்போடு படம் விழுந்தது. ஒபோக்கு தன் ஆயுளில் எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று அவரே சொல்லுவார். இப்போது சொல்வதில்லை.

போன மழைக்காலத்தில் அம்போஃபோ கடையிலேயே சாய்ந்து விழுந்து இறந்தார். உடலை ஐஸில் வைத்த கையோடு, அவருடைய அக்கா கொனாடு வந்து இரண்டு அறைக்கும் பூட்டுப் போட்டாள். எசி உடுத்திய துணியோடு வெளியே நின்றாள். படம் உள்ளே சுவரில் மாட்டியிருந்தது.

மறுவாரம் கொனாடுவும், அவர்களுடைய தாய்மாமனும் குடும்பத் தலைவருமான நானா அன்சாவும் ஒபோக்குவின் பெட்டிக்கடைக்கு வந்தார்கள்.

"நம்ம பையன் படம் உன்கிட்டதானே இருக்கு? போஸ்டருக்கு அதைத்தான் போடணும். அவனை மட்டும் எடுத்துக் குடு" என்றார் நானா.

"கை வருமே, நானா."

"யார் கை?"

"எசி கை."

"எந்த எசி?" கிழவர் குரலை உயர்த்தவில்லை. "நாங்க யாராவது சாராயம் கொண்டுபோனோமா? நீ கொண்டுபோனியா?"

ஒபோக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கொனாடு கடையின் பலகைச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல பலகை. இது நிக்கிற மண்ணு யாரோடதுன்னு ஞாபகம் இருக்குல்ல, ஃபோட்டோ?"

நகராட்சிக்காரர்கள் அவர் கடையை இரண்டு இடத்தில் இடித்துத் தள்ளிய பிறகு, இந்த மூலையைக் காட்டியது அந்தக் குடும்பம்தான். ஒபோக்கு கணினி முன்னால் உட்கார்ந்தார். எசியை வெட்டியாயிற்று. தோளில் நான்கு விரல் மிச்சம் இருந்தது. பக்கத்திலிருந்த துணியில் ஒரு துண்டைப் பிரதி எடுத்து, விரல்களின் மேல் ஒட்டினார். ஓரத்தைத் தேய்த்தார். ஒரு கை இருந்த இடத்தில் துணி வந்துவிட்டது. பழைய பெயரிலேயே சேமித்து மூடினார். மூடிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பூட்டிய அறைச் சுவரில் இருப்பதைத் தவிர வேறு பிரதி இல்லை.

நான்காம் நாள் எசி வந்தாள். செருப்பு வெளியில் கிடக்க, வாசற்படியிலேயே நின்றாள்.

"ஒரே ஒரு படம் போட்டுக் குடுங்கண்ணே. அதைக் கொண்டுபோய் அவங்க முன்னால வச்சா, விதவை நாற்காலில உட்காரவிட்டுத்தான் ஆகணும். இல்லேன்னா அந்த ரூம்ல இருக்கற என் மீன் சட்டிகூட என்னுது இல்லையாம்."

கணினியைத் திறந்து காட்டினார். வேறு வழி தெரியவில்லை. எசி குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தன் முகத்தைத் தேடவில்லை.

"என் கை எங்கே?"

ஒபோக்கு சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் தடவினார், அதில் எதிலோ இருப்பது போல.

"சரி, படம் போனா போகட்டும்" என்றாள் அவள். "என் கை அங்கே இருந்துச்சுன்னு நீங்க வாயால சொன்னாப் போதும். ஃபோட்டோ சொன்னா ஊரு நம்பும்."

"சொல்றேம்மா" என்றார்.

சாவுச் சடங்கு சனிக்கிழமை. கறுப்பும் சிவப்புமாகக் கூட்டம். பந்தலுக்கு நடுவில் அம்போஃபோ போஸ்டரில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு நின்று சிரித்தார். வந்தவர்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, வரிசையில் உட்கார்ந்திருந்த குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் குலுக்கிக்கொண்டு போனார்கள். வரிசை முடிகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி, தண்ணீர்ப் பைகள் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் எசி இருந்தாள். கை குலுக்கினவர்கள் கடைசி ஆளோடு நிறுத்திக்கொண்டு திரும்பிப்போனார்கள். ஒபோக்குவும் அப்படித்தான் திரும்பினார்.

கெந்தே நெசவுக்குப் பேர்போன பொன்விரே ஊரிலிருந்து வந்திருந்த ஒரு நெசவாளி, படத்தின் முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"எய்! இதை நெய்தவன் குடிச்சிட்டா தறியில உட்கார்ந்தான்? தோளைப் பாருங்கய்யா. கட்டத்துக்குப் பக்கத்துலயே கட்டம்! நடுவுல கோட்டை யாரு தின்னுட்டாங்க?"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நாற்பது பேர். இந்த ஊரில் துணியைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செத்தவர் ஓட்டை நெசவைக் கட்டிக்கொண்டு சொர்க்கத்துக்குப் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். மேளம் நின்றுவிட்டது.

நானா அன்சாவின் முகம் கறுத்தது. "ஃபோட்டோ! இங்கே வா. நீதானே எடுத்தே? என் மருமகன் அன்னிக்குக் கட்டியிருந்தது இந்தத் துணிதானா?"

எசி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

இதைவிட நல்ல வேளை வராது. ஒபோக்குவுக்கும் அது தெரிந்தது. துணியில் தப்பில்லை நானா, அங்கே ஒரு கை இருந்தது, அதை வைத்தது நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கூட்டம் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. கொனாடு மட்டும் அவரைப் பார்க்கவே இல்லை; தன் துணியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"துணி இதேதான், நானா" என்றார். "நெசவுதான் தப்பு."

"நான் அப்பவே சொல்லலையா!" என்று நெசவாளி தொடையில் அடித்துக்கொண்டான். சிரிப்பு எழுந்து அடங்கியது. மேளம் மறுபடி ஆரம்பித்தது.

எசி அவரிடம் வந்தாள். துக்கம் கேட்கிறவள் போல வலது கையை நீட்டினாள். அவரும் நீட்டினார். அவள் குலுக்கவில்லை. அவர் எல்லோரையும் பிடிக்கிற மாதிரியே மணிக்கட்டில் பிடித்து, அவர் கையை அவர் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாள்.

"வச்சதும் நீ. எடுத்ததும் நீ."

அந்தக் கையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனாள். இப்போது எங்கோ கடற்கரைப் பக்கம் மீன் விற்கிறாள் என்கிறார்கள். அந்த இரண்டு அறையிலும் கொனாடுவின் மகன் இருக்கிறான்.

பெட்டிக்கடை அதே மூலையில் நிற்கிறது. தொழிலுக்கும் குறைவில்லை. தனி ஆள் வந்தால் இன்றைக்கும் சுண்டுவிரல் வரைக்கும் திருத்தித்தான் எடுக்கிறார். ஜோடியாக வருகிறவர்களிடம்தான் புதிதாக ஒரு வழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து நேராக ஒரு புது ஜோடி வந்தது. பெண் தானாகவே கையைத் தூக்கி மாப்பிள்ளையின் தோளில் வைத்தாள். ஒபோக்கு போய் மணிக்கட்டைப் பிடித்து அதைக் கீழே இறக்கி, அவள் பக்கத்திலேயே விட்டார். பிறகு இருவருக்கும் நடுவில் தன் வலது கையை நுழைத்து விரித்தார். கட்டைவிரல் மாப்பிள்ளையின் துணியைத் தொட்டது. சுண்டுவிரல் பெண்ணின் லேஸைத் தொட்டது. ஒரு சாண் ஆகிறவரை இருவரையும் தள்ளி நிறுத்தினார்.

"ஏண்ணே, நாங்க என்ன சண்டையா போட்டுக்கிட்டு வந்திருக்கோம்?" என்று மாப்பிள்ளை சிரித்தான்.

"அப்படியே நில்லுங்க. அசையாதீங்க" என்றார் ஒபோக்கு. விரித்த விரல்களைச் சேர்த்துக் கையைக் கத்தி மாதிரித் தட்டையாக்கி, இரண்டு பேர்மீதும் படாமல், மேலிருந்து கீழாக நேர்கோட்டில் மெதுவாக இறக்கி எடுத்தார்.