தம்பியின் அரை டிக்கெட்

எண்பதுகளின் நடுவில், தேக்காவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தேவாலயத்திலிருந்து ஆண்டுதோறும் எல்லை தாண்டி புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு ஒரு பஸ் போகும். ஆள் சேர்ப்பது, இடம் ஒதுக்குவது, வழியில் ஜெபமாலை சொல்வது எல்லாம் என் பொறுப்பு. ஊனமுற்றோருக்கு பஸ் கம்பெனி அரைக் கட்டணம்தான் வாங்கியது. மனநோய் உள்ளவர்களுக்கும் அது உண்டு என்று கம்பெனிக்காரர் என்னிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

அரைக் கட்டணத்தில் வருகிறவர்களை முன்வரிசையில் உட்காரவைப்போம். வண்டி உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டியதும், பெயரையும் நோயையும் சொல்லி, ஜெபமாலையின் முதல் பத்து மணிகளை அவர்களுக்காக ஒப்புக்கொடுப்போம். அன்பினால் ஏற்பட்ட வழக்கம்தான்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஈசூன் வீட்டில் என்னோடு இருந்தான். மருந்தில் அமைதியாக இருப்பான், பார்த்தால் தெரியாது. மருத்துவமனைப் பட்டறையில் சோப்புகளைப் பெட்டியில் அடுக்கிச் சிறு கூலி வாங்கினான். தன் சம்பாத்தியத்தில் போய் அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பது அவன் ஆசை. முழுக் கட்டணம் அவனுக்கு எட்டாது.

"அண்ணே, ஹாஃப் ஃபேர் இருக்காமே. எனக்கும் உண்டா?"

அப்போது எங்கள் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரும் அதே வண்டியில் வருவதாக இருந்தது. அவர்கள் காதுபட அவன் பெயரை நான் வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"அது கண்ணு தெரியாதவங்களுக்கும் நடக்க முடியாதவங்களுக்கும் மட்டும்தான்பா. முழு டிக்கெட்டுக்கு நான் கட்டுறேன், வா."

"உங்க காசுல போறதுக்கு நீங்களே ஏத்திட்டு வந்துடலாம்லா" என்று சிரித்தான். அந்த ஆண்டு அவன் வரவில்லை.

மறு ஆண்டுக்குள் தங்கைக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. சேர்த்த பணம் போதும் என்று மட்டும் அவனிடம் சொல்லி, அந்தப் பணத்திலேயே அரை டிக்கெட் போட்டேன். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினான். முன்வரிசையைக் காட்டினேன். ஜன்னலோரம் பார்வையற்ற பாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவன் நின்றுவிட்டான்.

"இது அவங்க மாதிரி ஆளுங்க சீட்டுண்ணே."

"உனக்கும் உண்டு. போன வருஷம் நான் சொன்னது பொய்" என்றேன், மெதுவாக.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "எனக்காக இப்பத்தான் பொய் சொல்றீங்க. அன்னம்மாள்கிட்டப் போறப்ப வேணாம்ண்ணே."

பின்னாலிருந்து ஒருவர், "என்னப்பா, ஜன்னல் சீட்டுக்குச் சண்டையா?" என்றார். டிரைவர், "ஏறினா ஏறுங்க, கஸ்டம்ஸ்ல ஜாம் ஆயிடும்" என்றார். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று உரக்கச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். தங்கையின் மாமியார் மூன்றாம் வரிசையில் இருந்தார். நான் குரலை உயர்த்தவில்லை.

"அடுத்த வருஷம் முழு டிக்கெட்டுக்குச் சேத்துடுவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். கையசைத்தான்.

உட்லண்ட்ஸைத் தாண்டியதும் பாட்டியின் பெயரைச் சொன்னேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த திருவிழாவுக்குள் அவனை மறுபடி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போகும்போதெல்லாம் முழு டிக்கெட் விலை ஏறிவிட்டதா என்று கேட்பான். உனக்கு அரை டிக்கெட்தான் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒருமுறை கம்பெனிக்காரரையே கூட்டிப்போய்ச் சொல்லவைத்தேன். அவர் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டான். பிறகு, போதும் என்பதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தான்.