பிரதீபா இறக்கிப் பாடிய பாட்டு

மாத்தளை டவுனில் புடவைக் கடையொன்றில் வேலை பார்க்கும் பிரதீபா, பதினெட்டு வருடங்களாகக் கலியாண வீடுகளில் பாடிவந்தவர். பெயர்பெற்ற பாடகிகளின் சினிமாப் பாட்டுகளை ஓர் இழை பிசகாமல் பாடுவார். "கண்ண மூடிக்கிட்டா ரேடியோ மாதிரியே இருக்கு" என்று ஆட்கள் சொல்வதுதான் அவருக்குப் பெருமை.

இரண்டு வருடங்களுக்கு முன் கழுத்தில் தைரொய்ட் ஒபரேஷன் நடந்தது. உடம்பு தேறிவிட்டது. குரல் மட்டும் மேலே போனால் பாதியிலேயே உடைந்தது. மாதங்கள் போயும் சரிவரவில்லை. இசைக்குழுவை நடத்தும் யோகராஜுக்குப் போன் பண்ணி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி பிரதீபாவே சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலையில் யோகராஜ் கீபோர்டோடு அலுவிகாரையிலுள்ள பிரதீபாவின் வீட்டு வாசலில் நின்றார்.

"சுருதிய ரெண்டு கட்டை எறக்கிப் பாடிப் பாருங்கக்கா."

"பாட்டோட சங்கதி, வளைவு நெளிவெல்லாம் போயிருமே தம்பி."

"போகட்டும். மெட்டு இருக்குல்ல, வார்த்தை இருக்குல்ல?"

வழக்கமாகப் பாடும் ஒரு பாட்டைப் பேசுகிற மாதிரி பாடிப் பார்த்தார் பிரதீபா. இத்தனை வருடமும் பாடகியின் குரலை மட்டுமே கவனித்திருந்தவருக்கு, அந்தப் பாட்டில் வரும் பெண் காத்திருந்து களைத்துப்போனவள் என்பது அன்றுதான் உறைத்தது.

பிறகு பல்லேபொலயில் ஒரு பகல் கலியாணம். சாப்பாட்டு நேரத்தில், பெண்ணின் தாய் காத்தாயி எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாலாட்டைப் பாடச் சொன்னார். உச்சத்தில் தொடங்கும் பாட்டு. பிரதீபா யோகராஜைத் திரும்பிப் பார்த்தார். யோகராஜ் டிரம்ஸ்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு, தணிந்த சுருதி ஒன்றை மட்டும் பிடித்தார். பிரதீபா அதிலேயே மெல்லத் தொடங்கினார். இரண்டாவது வரியில் முன்மேசைப் பெண்ணொருத்தி கூடச் சேர்ந்தாள். அப்புறம் பக்கத்து மேசை. சரணத்துக்கு வரும்போது மண்டபத்துப் பெண்களில் பாதிப்பேர் பாடிக்கொண்டிருந்தார்கள்.

முடிந்ததும் காத்தாயி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மூத்தவ கலியாணத்துலயும் நீங்கதான் பாடுனீங்க. அன்னைக்கு வாயப் பொளந்துக்கிட்டு கேட்டோம். இன்னைக்குத்தான் பாட்டு எங்க குரலுக்கும் எட்டுச்சு."

திரும்பும் வழியில் வேனில், "நீங்க மட்டும் அன்னைக்கு வராம இருந்திருந்தா…" என்று தொடங்கிய பிரதீபா, முடிக்க முடியாமல் அழுதார்.

"அழுது தொண்டையக் கெடுத்துக்காதீங்கக்கா. நாளன்னைக்கு உக்குவளையில புரோகிராம்," என்றார் யோகராஜ்.

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. போன குரலுக்காக அவர் இப்போது வருந்துவதில்லை. மிஞ்சிய குரலுக்கும், அதற்கேற்ற சுருதி பிடித்துக்கொடுத்த தம்பிக்கும், தினமும் சாமி விளக்கேற்றும்போது நன்றி சொல்கிறார்.