சும்மா நிற்க மறுத்த சனம்

கூட்டத்தைச் சமாளிப்பதுதான் என் வேலை. தொலைக்காட்சி நாடகங்களில் உதவி டைரக்டராக இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்டால், மலையகத்தில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் விழி பிதுங்கி நின்ற ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன்.

நாடகத்தின் கதை இது. தேயிலை ஸ்டோரில் தூள் மூட்டையொன்று காணாமல் போகிறது. எடுத்தது கணக்கப்பிள்ளை. பழி விழுவது முருகேசு என்ற தொழிலாளி மேல். பொலிஸ் அவனை மிரட்டி, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கிறது. அவனை ஜீப்பில் ஏற்றும்போது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனம் தலைகுனிந்து மௌனமாக நிற்க வேண்டும். அந்த மௌனத்தை நம்பித்தான் டைரக்டர் கதையையே எழுதியிருந்தார். சனமாக நிற்க அந்த லயத்து ஆட்களையே பேசியிருந்தேன்.

1. திருட்டு

வழக்கமாகக் கூட்டக் காட்சியைத்தான் முதலில் முடிப்போம். அன்று ஜீப் வரத் தாமதம். அதற்குள் திருட்டுக் காட்சியை எடுத்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கணக்கப்பிள்ளையாக நடித்தவர் மூட்டையைத் தூக்கிவந்து லயத்தில் முருகேசின் வீடான காம்பராவுக்குப் பின்னால் ஒளித்தார். ரிகர்சல், டேக், ரீடேக் என்று திரும்பத் திரும்ப ஒளித்தார். லயமே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது.

பகல் சாப்பாட்டிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பரிமாறிய பெண்கள் கணக்கப்பிள்ளைக்கு மட்டும் கருவாடு வைக்கவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்டார்.

"மூட்டைக்குள்ள இருக்கும், போய்ப் பாருங்க" என்றாள் ஒருத்தி.

2. கைது

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் முருகேசின் சட்டையைப் பிடித்து இழுத்தார். முன்வரிசையில் நிறுத்தியிருந்த ராசம்மா பாய்ந்து வந்தார்.

"ஐயா, அவன் எடுக்கல! அந்தா நிக்கிறாரே, அவருதான் எடுத்தாரு. நாங்க எல்லாரும் பாத்தோம்!"

கட். "அக்கா, இது நாடகம்ங்க. பேசாம சும்மா நில்லுங்க" என்றேன்.

"சரிங்க மிஸ்."

அடுத்த டேக்கில் அவர் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசை மொத்தமும் திறந்தது. அது போதாதென்று, யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வெள்ளைச் சட்டையோடு வந்து ஜீப்பை மறித்தார்.

"தலைவர்னு நான் எதுக்கு இருக்கேன்? என்னயக் கூப்புடாம எங்க ஆள எப்புடி ஏத்துவீங்க? மொதல்ல விசாரணை வைங்க!"

இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டியவர் ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவர், சாது மனுஷன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க தலைவரே" என்று முருகேசை விட்டுவிட்டார்.

மலையில் மிஸ்ட் இறங்கி வெளிச்சம் மங்கத் தொடங்கியது. டைரக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்த ஷொட் இன்னைக்கு முடியலன்னா, நாளையில இருந்து நீங்க வர வேணாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே ராசம்மாவிடம் போனேன். "ஏன்க்கா, நடிப்புன்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாமலா மிஸ்? ஆனா டிவியில மொத வரிசையில எம் மூஞ்சிதானே தெரியும். கொழும்புல எம் மக பாப்பா. 'எல்லாத்தையும் பாத்துட்டு ஏம்மா பேசாம நின்ன'ன்னு கேட்டா, மிஸ் நிக்கச் சொன்னாங்கன்னா சொல்றது?"

வெட்கமாகப் போய்விட்டது. அதை அப்படியே டைரக்டரிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னை ஒரு முறை திட்டினார், பிறகு, "சரி, கத்தட்டும்" என்றார்.

3. வாக்குமூலம்

கத்தினார்கள். தலைவர் மறித்தார். ஜீப் அவரை விலக்கிக்கொண்டு, நாங்கள் பொலிஸ் நிலையமாக மாற்றியிருந்த பழைய குவாட்டர்ஸுக்குப் போனது. சனம் விடாமல் பின்னாலேயே வந்தது. கமராவை அணைக்காமல் உள்ளே கொண்டுபோனோம்.

முருகேசின் முன்னால் இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார். "அவன் எடுக்கல" என்ற சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் துணிக்கடைக்காரர், யாரும் சொல்லாமல், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ம்... இப்ப கையெழுத்துப் போடு" என்றார்.

முருகேசு போட்டான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த யூனிட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சனம் பேசாததால்தான் அநியாயம் நடக்கிறது என்று நாங்கள் எழுதிவைத்திருந்தோம்.

இப்போதெல்லாம் கூட்டத்துக்கு ஆள் பேசும்போதே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எந்த இடத்தில் கத்துவீர்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு, கமராவை அங்கே வைக்கச் சொல்கிறேன்.