முன்வரிசையில் மூன்று நாற்காலிகள்

விளையாட்டுப் போட்டிகளுக்கும் கம்பெனி விழாக்களுக்கும் செய்தித் தொடர்பு பார்ப்பது என் வேலை. திருப்பூரில் பலருக்கு நான் "பேப்பர்ல போட்டுத் தர்ற மேடம்". ஒரு பனியன் கம்பெனி கிரிக்கெட் போட்டி நடத்தினாலும் ஆண்டு விழா நடத்தினாலும் மறுநாள் காலை அது செய்தித்தாளில் படத்தோடு வர வேண்டும். வந்தால் நான் கெட்டிக்காரி. இதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர்மீது எனக்குக் கொஞ்சம் மயக்கமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது.

ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி பெண் தொழிலாளர்களுக்காக ஒரு ஓட்டப் பந்தயம் நடத்தியது. ஞாயிறு காலை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், திங்கள் மாலை ஒரு மண்டபத்தில் பரிசளிப்பும் விருந்தும். வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட, பெண்கள் சிரித்துக்கொண்டு ஓடும் படங்கள் முதலாளிக்குத் தேவைப்பட்டன. "நல்லா பெருசா வரோணுங்க" என்று அவர் ஒருமுறைதான் சொன்னார். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் ஜெயிப்பாள் என்று நினைத்து வைத்திருந்த பெண் மூன்றாவது கிலோமீட்டரிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் வந்தது யாரும் எதிர்பார்க்காத ஒருத்தி. தைத்த துணிகளில் பிசிறு, ஓட்டை பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள். இருபத்து மூன்று வயது. கம்பெனி கொடுத்த டி-சர்ட்டின்மேல் துப்பட்டாவைப் போட்டு, அதன் நுனியால் பாதி முகத்தை மூடிக் கட்டியிருந்தாள். செருப்பை எங்கேயோ வழியில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்து ரிப்பனைத் தொட்டாள். இரண்டாவதாக வந்தவள் அப்போது திருப்பத்தில்கூடத் தெரியவில்லை.

நான் புகைப்படக்காரரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"போட்டோ வேண்டாம்க்கா" என்றாள். மூச்சு வாங்கவில்லை. தெற்கத்திப் பேச்சு.

"ஏன் கண்ணு? முதல் பரிசு வாங்கீருக்கறே. துப்பட்டாவை எடு, மூஞ்சி தெரியட்டும்."

"இல்லக்கா. வேற யாரையாவது எடுங்க."

கூச்சம் என்று நினைத்தேன். இந்த வேலையில் தினமும் பார்க்கிற கூச்சம். மேலாளர்கள்கூட முதலில் வேண்டாம் என்பார்கள், பிறகு எந்தப் பக்கம் நின்றால் நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள். நான் சிரித்தபடியே கை நீட்டி அவள் முகத்திலிருந்து துப்பட்டாவை இறக்கிவிட்டேன். என் கையாலேயே. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அந்த நொடியில் புகைப்படக்காரர் அழுத்திவிட்டார். பெரிய கண்களும் நெற்றியில் ஒட்டிய முடியுமாக, அருமையான படம்.

சொந்த ஊர் கேட்டேன். "இங்கதான்க்கா" என்றாள். செய்திக்குச் சொந்த ஊர் முக்கியம். கம்பெனியில் ஆள் எடுப்பவர்களிடம் அவள் கொடுத்திருந்த ஆதார் நகலை வாங்கிப் பார்த்து ஊரைக் குறித்துக்கொண்டேன். தெற்கே ஒரு சின்ன ஊர். அன்று மதியம் செய்திக்குறிப்பைத் திருப்பூர்ப் பதிப்புகளுக்கு அனுப்பியதோடு நிற்கவில்லை. அவளுடைய மாவட்டத்துப் பதிப்புகளுக்கும் அனுப்பினேன். "நம் ஊர்ப் பெண் திருப்பூரில் சாதனை" என்று போடுவார்கள். ஒரே செய்தி இரண்டு இடத்தில் வரும். இது நானாகக் கற்றுக்கொண்ட தந்திரம்.

திங்கள் காலை இரண்டு இடத்திலும் வந்திருந்தது. முதலாளி போன் செய்து, "படம் என்னங்க, அப்படியே பேசுது!" என்றார். நான் டீ குடித்தபடி அந்தப் படத்தை எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தபோது தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. செய்தித்தாள் அலுவலகத்தில் என் எண்ணைக் கொடுத்தார்களாம்.

"மேடம், வணக்கம். பேப்பர்ல வந்துருக்கே அந்தப் பிள்ளை, அது என் தங்கச்சி" என்றார் ஓர் ஆண். மெதுவான, மரியாதையான குரல். "ரெண்டு வருசமா எங்ககூடப் பேச்சு இல்ல. வீட்டுல ஒரு மனத்தாங்கல். இன்னைக்குக் காலைல படத்தைப் பாத்ததுல இருந்து எங்கம்மா அழுதுக்கிட்டே இருக்கா."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. மனதுக்குள் அடுத்த செய்திக்குத் தலைப்பு ஓடியது. ஓட்டத்தால் ஒன்றுசேர்ந்த குடும்பம். மேடையில் அண்ணன் கையால் பரிசு.

"சாயங்காலம் பரிசு கொடுக்கறோமுங்க. நீங்களே வந்துருங்க. முன்னாடி சீட் போட்டு வைக்கறனுங்க" என்றேன்.

"நாங்க மூணு பேர் வருவோம் மேடம். அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நேர்ல பாக்கட்டும்."

"சத்தியமா சொல்ல மாட்டனுங்க."

மண்டபத்தின் முகவரியை, வழி காட்டும் வரைபடத்தோடு, நானே அவருக்கு அனுப்பினேன்.

ஐந்தரை மணிக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். அண்ணனுக்கு முப்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை. மாமா முறை என்று ஒரு பெரியவர். மூன்றாவது ஆள் யாரென்று சொல்லவில்லை. விருந்தினர் அட்டையை மூவர் கழுத்திலும் நானே மாட்டிவிட்டு, முன்வரிசையில் வலது ஓரத்து மூன்று நாற்காலிகளில் உட்கார வைத்தேன். காபி கொடுத்தார்கள். அண்ணன் மட்டும் வேண்டாம் என்றார்.

பரிசு வாங்குகிறவர்கள் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் காத்திருந்தார்கள். அவள் தலை சீவிப் பூ வைத்திருந்தாள். முந்தைய நாளைவிட அமைதியாகத் தெரிந்தாள். செய்தித்தாளைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. எனக்கு வாய் தாங்கவில்லை.

"கண்ணு, உனக்கு ஒரு சந்தோசமான விசயம் வெச்சிருக்கேன். திரைக்கு இந்தப் பக்கம் வந்து, முன்னாடி யாரு உக்காந்திருக்காங்கன்னு பாரு."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். அதைக் காப்பாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு சில்லிடுகிறது.

அவள் திரையை விலக்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நொறுங்கியது.

"யாருக்கா சொன்னா? அவனுக்கு யாருக்கா சொன்னா?"

"உங்க அண்ணன்தான போன் பண்ணுனாரு... அம்மா அழுகறாங்கன்னு..."

"எங்கம்மா செத்து நாலு வருசம் ஆச்சுக்கா."

நான் திரையை இழுத்து மூடினேன்.

துண்டு துண்டாகச் சொன்னாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடத்துக்கு முன் ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள். முதல் மூன்று மாதத்தில் மூன்று ஊர் மாறினார்கள். ஒருமுறை அண்ணன் கையில் சிக்கி, கணவனின் தோளில் வெட்டு விழுந்தது; பயத்தில் புகார்கூடக் கொடுக்கவில்லை. திருப்பூருக்கு வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார்களாம். இவ்வளவு பெரிய ஊர்க் கூட்டத்தில் யார் தேடுவார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். கணவனும் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தான்.

"இப்ப உன் வீட்டுக்காரரு எங்க கண்ணு?"

"பின்னாடி கடைசி வரிசைல உக்காந்துருக்காரு. நான் பரிசு வாங்குறதப் பாக்கணும்னு வந்தாரு."

முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் முந்நூறு பேர். அண்ணன் ஒருமுறை எழுந்து பின்னால் திரும்பிப் பார்த்தால் போதும். காவல் நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை இந்த மூன்று பேரை யார் உட்கார வைத்திருப்பது?

எனக்குத் தெரிந்தது ஒரே தொழில். மேடைக்குப் பக்கத்தில் நின்ற தொகுப்பாளினியிடம் போய், "முதல் பரிசு வாங்குன பொண்ணோட அண்ணன் வந்திருக்காருங்க. அவரை மேடைக்குக் கூப்பிட்டு அவருக்குப் பொன்னாடை போடச் சொல்லுங்க. கூட வந்தவங்களையும் கூப்பிடுங்க. முதலாளி ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றேன். அவள் மறுகேள்வி கேட்கவில்லை. முதலாளிக்கும் அது பிடித்திருந்தது.

மூவரையும் மேடைக்கு அழைத்தார்கள். கைதட்டல் எழுந்தது. அண்ணன் ஒரு கணம் தயங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டதால் வேறு வழியின்றி மேடை ஏறினார். அவர்கள் மேடையில் கூட்டத்தின் பக்கம் திரும்புமுன் அவள் கணவனுக்குப் போன் செய்தாள். நான் அவளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போனேன்; அவனும் பின்கதவு வழியாக அங்கே வந்தான். ஒல்லியான பையன். அவள் பரிசு வாங்குவதை வீடியோ எடுக்கத் தயாராக வைத்திருந்த மொபைல் இன்னும் கையில் இருந்தது.

சமையல் ஒப்பந்தக்காரர் எனக்குப் பல வருடப் பழக்கம். "அண்ணா, இவங்க ரெண்டு பேரையும் உங்க வேன்ல ஊத்துக்குளியில எங்க அக்கா ஊட்ல விட்ருங்க. இப்பவே" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏறுங்க சாமி" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, சாம்பார் பாத்திரங்களை ஓரம் தள்ளினார். வேன் கிளம்பியதும் காவல் நிலையத்துக்குப் போன் செய்துவிட்டு உள்ளே ஓடினேன்.

மேடையில் முதலாளி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு தங்கையை வளர்த்த குடும்பத்தைக் கும்பிட வேண்டும் என்று பேசினார். பிறகு ஒலிவாங்கியை அண்ணனிடம் கொடுத்தார்.

தோளில் பொன்னாடையோடு அவர் கூட்டத்தைப் பார்த்தார். "எங்க வீட்டுக்கு ஒரே பொண்ணு" என்றார். "ரொம்ப நாளாத் தேடிக்கிட்டு இருந்தோம். கூட்டிட்டுப் போகத்தான் வந்துருக்கோம்."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. செக்கிங் பிரிவுப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் புகைப்படக்காரர் குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியதும் அவர் நேராக என்னிடம் வந்தார். "தங்கச்சி எங்க மேடம்?"

"வாந்தி எடுத்துச்சுங்க. ஹாஸ்டலுக்கு அனுப்பீட்டோம்."

பொன்னாடையை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். "போன்ல நல்லாப் பேசுனீங்க மேடம்" என்றார். குரல் உயரவே இல்லை. மூன்று பேரும் வாசலுக்குப் போனபோது போலீஸ் வண்டி உள்ளே வந்தது. விசாரித்தார்கள். பொன்னாடை வாங்க வந்த அண்ணன்மேல் என்ன வழக்குப் போடுவது? எச்சரித்து அனுப்பினார்கள். அதன் பிறகும் இரண்டு நாள் அந்த மூவரையும் கம்பெனி வாசலில் பார்த்ததாகக் காவலாளி சொன்னார்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம கம்பெனி பேரு எங்கயும் வராமப் பாத்துக்கங்க" என்றார். நான் அதுவரை எல்லாருக்கும் செய்து கொடுத்த வேலையின் மறுபக்கம் அது. அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருந்தது?

அக்கா வீட்டில் அவளும் கணவனும் மூன்று நாள் இருந்தார்கள். அக்காவின் கணவர் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து, காவல் துறை உயர் அதிகாரியிடம் பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுக்க வைத்தார். பிறகு ஒரு காலை ரயிலில் ஏறிப்போனார்கள். எங்கே என்று என்னிடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. சொன்னால் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் தவறில்லை. நான் அந்தப் படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி ஒவ்வொரு பத்திரிகையாகக் கெஞ்சினேன். பெரும்பாலோர் எடுத்தார்கள். ஒரு சின்ன தளத்தில் இன்னும் இருக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு மதியம், புது எண்ணிலிருந்து அவள் பேசினாள். பின்னால் தையல் மிஷின்கள் ஓடும் சத்தம். நன்றாக இருப்பதாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"அது கிடக்கட்டும்க்கா. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அஞ்சு கிலோமீட்டருக்கு எனக்கு எத்தன நிமிசம் ஆச்சு? ஸ்கூல்ல ஓடுனதவிடக் கொறவா இருக்கும்னு தோணுச்சு. அதான் தெரிஞ்சுக்கணும்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பழைய கோப்புகளையெல்லாம் திறந்தேன். ஓட்டத்தை ஏற்பாடு செய்தவர்களிடம் கேட்டேன், படம் எடுத்தவரிடம் கேட்டேன். டி-சர்ட் அளவுகள் இருந்தன, பிளெக்ஸ் வாசகங்கள் இருந்தன, ட்ரோனில் எடுத்த காட்சிகள் இருந்தன. நேரத்தை யாரும் குறித்திருக்கவில்லை. அவளைத் திரும்ப அழைத்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை.