பட்டம்மாள் அக்காவின் கசப்புப் பால்

அன்று காலை பால் வரவில்லை. பட்டம்மாள் அக்காவின் கணவர் முனியாண்டி அண்ணன் வெறுங்கையோடு வந்து நின்றார். "ஒங்க அக்கா போய்ட்டா, தம்பி." என் மனைவி காப்பிக்கு வைத்த வெந்நீரை இறக்கிவிட்டாள்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் கொட்டகை போட்டு, இரண்டு பசுக்களை வைத்து எங்கள் வீட்டு வரிசைக்கே பால் ஊற்றியவர் அக்கா. எந்தத் தழையையும் தாம் மென்று பார்க்காமல் மாட்டுக்குப் போடமாட்டார். அதனால் பல்லெல்லாம் பச்சை. முதன்முதலில் அவர் சிரித்தபோது நான் இரண்டடி பின்வாங்கினேன். அதைக் கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துக் கன்றுகள் கழிச்சலில் செத்தன. அக்காவின் செவலைப் பசு அப்போதுதான் ஈன்றிருந்தது. அதன் முந்தைய கன்றும் கழிச்சலில் போனதுதான். அக்கா கன்றுக்குக் கொய்யாக் கொழுந்தும் பசுக்களுக்கு வேப்பிலையும் போடத் தொடங்கினார். எங்கள் வரிசை முழுவதும் காப்பி கசந்தது.

புகார் சொல்ல என்னை அனுப்பினார்கள். எனக்கு வாய் அதிகமாம். அக்காவின் வாயை அவர்கள் கேட்டதில்லை.

"காப்பி கசக்குதுக்கா."

"சீனி போட்டுக்க லா."

"போட்டாச்சு."

"அப்ப வாய மூடிக்கிட்டு குடி. மாட்டுக்கு வயிறு நல்லாருந்தாதான் நோவு கிட்ட வராது."

"எல்லாரும் வேற பாலுக்குப் போயிருவாங்க."

"போவட்டும். போன கன்னு என் மடியிலதான் உசிர விட்டுச்சு. இன்னொன்ன அப்படிப் பாக்க முடியாது, தம்பி."

போனார்கள். முதலில் போனவள் என் மனைவி. செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான். விலைபோகாத பாலை அக்கா பத்துமலை முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய் அபிஷேகத்துக்குக் கொடுத்தார். "முருகனுக்கும் கசக்குமே?" என்றேன். "அவரு ஒன்ன மாரி மொணங்க மாட்டாரு."

மழை ஓய்ந்தது, கன்று துள்ளியது. தழை காத்ததா, அக்காவின் வாய்க்குப் பயந்து நோய் ஒதுங்கியதா, நான் அறியேன். புதுப் பால்காரர் ஊற்றியது குழாய்த் தண்ணீரா, மழைத் தண்ணீரா என்று வாதாடிக் களைத்தபின், ஒவ்வொருவராகச் செம்போடு திரும்பினோம். அக்கா செம்பை வாங்கிப் பால் ஊற்றினார். பச்சைப் பல் தெரியச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் காப்பி கசந்தது.

நேற்று பதினாறாம் நாள் காரியம். நல்ல மழை. அண்ணன் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். ஒரு மிடறு விழுங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு கசந்து நாங்கள் குடித்ததேயில்லை.

"மழ வந்தா தழ போடணும்னு சொல்லுவா" என்றார் அண்ணன், தலை நிமிராமல். "எவ்ளோன்னு சொல்லாம போய்ட்டா."

சீனி டப்பா நடுவில்தான் இருந்தது. ஒரு கையும் அதன் பக்கம் போகவில்லை. என் மனைவி டம்ளரை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே."

போய் வாருங்கள், அக்கா. நேற்று நாங்கள் குடித்தது அன்று நீங்கள் வளர்த்த கன்றின் பால்தான். அது இப்போது பசுவாகிக் கொட்டகையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கிறது.